கழுத்து நரம்பு அழுத்தமும் கைக் குடைச்சலும்: பிசியோதெரபி குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வலி கையில்தான் இருக்கிறது. கழுத்துக்கு ஏன் வைத்தியம் பார்க்கச் சொல்கிறார்கள்?

கழுத்தில் 7 எலும்புகள். அங்கிருந்து 8 ஜோடி நரம்பு வேர்கள் புறப்படுகின்றன. ஒவ்வொரு வேரும் தண்டுவடத்திலிருந்து பிரிந்து, பக்கவாட்டில் இருக்கும் ஒரு சிறு துவாரம் வழியாக வெளியே வருகிறது. அவற்றில் கீழ்ப்பகுதி வேர்கள் தோளுக்கும் கைக்கும் விரல்களுக்கும் ஓடுகின்றன. அந்தத் துவாரத்தில் இடம் குறைந்தால் வேர் நசுங்கும், வீங்கும். வலியோ அந்த நரம்பு போய்ச் சேரும் இடத்தில் தெரியும். கிணற்றடியில் குழாய் நசுங்கினால் கடைசிப் பாத்தியில் தண்ணீர் குறைகிறதே, அதே கணக்கு.

இளம் வயதினருக்குப் பெரும்பாலும் ஜவ்வு, அதாவது டிஸ்க், பிதுங்கி வேரைத் தொடுகிறது. 50 வயதைத் தாண்டியவர்களுக்குத் தேய்மானத்தால் டிஸ்கின் உயரம் குறைந்து, எலும்பு ஓரங்களில் முள்போல வளர்ந்து, துவாரம் குறுகிவிடுகிறது. இரண்டிலும் அழுத்தம் மட்டும் காரணமில்லை. வேரைச் சுற்றி ஏற்படும் அழற்சியும் வலியைப் பெருக்குகிறது. முதல் இரண்டு மூன்று வாரங்கள் தூங்கவிடாமல் குடைந்த வலி, ஸ்கேனில் பெரிய மாற்றம் இல்லாமலே தணிந்துவிடுவதற்கு இதுதான் காரணம்.

எந்த நரம்பு என்று விரலை வைத்தே சொல்ல முடியுமா?

ஓரளவு முடியும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மரத்து, மணிக்கட்டை மேலே தூக்கும் பலம் குறைந்தால் 6-ஆம் வேர். நடுவிரல் மரத்து, முழங்கையை நீட்டித் தள்ளும் பலம் குறைந்தால் 7-ஆம் வேர். அதிகம் பாதிக்கப்படுவது இந்த ஏழாவதுதான், அடுத்து ஆறாவது. மோதிர விரல், சுண்டு விரல் பக்கம் மரத்துப் பிடி தளர்ந்தால் 8-ஆம் வேர். தோள்பட்டையோடு வலி நின்று, கையைப் பக்கவாட்டில் தூக்க முடியாமல் போனால் 5-ஆம் வேரைச் சந்தேகிக்க வேண்டும்.

தோள்பட்டை எலும்பின் உள்விளிம்பில், முதுகில், ஆணி அடித்ததுபோல ஓர் இடத்தில் வலிக்கும். இதை வாய்வுப் பிடிப்பு என்று தைலம் தேய்த்தே பலர் பல நாட்களைக் கடத்திவிடுகிறார்கள். கழுத்து நரம்பு வலி முதலில் எட்டிப்பார்ப்பது பெரும்பாலும் அங்கேதான்.

இதைப்போலவே தோன்றும் வேறு சிலவும் உண்டு. இரவில் கை மரத்து எழுப்பிவிடுகிறது, உதறினால் சரியாகிறது, சுண்டு விரலில் மட்டும் தொந்தரவே இல்லை என்றால் மணிக்கட்டில் நரம்பு இறுகியிருக்கலாம். சர்க்கரை நோயாளிகளுக்கு இரண்டு பாதமும் எரிந்து, பிறகு இரண்டு கையும் மரத்தால் அது வேறு கதை. தோள் மூட்டு இறுகி, அடுத்தவர் தூக்கினாலும் கை மேலே போகவில்லை என்றால் சிக்கல் தோளில் இருக்கிறது. இடது கை வலியோடு நெஞ்சு இறுக்கமோ வியர்வையோ வந்தால் கழுத்தைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கக் கூடாது. உடனே 108-ஐ அழையுங்கள்.

பிசியோதெரபிஸ்ட் முதல் நாள் என்ன சோதிப்பார்?

நான்கு சோதனைகளைச் சேர்த்துப் பார்ப்பது வழக்கம். தலையை வலிக்கும் பக்கம் சாய்த்து மேலிருந்து மெல்ல அழுத்தும்போது கைக்கு வலி இறங்குகிறதா? படுக்கவைத்துத் தலையை மெல்ல இழுக்கும்போது கை வலி குறைகிறதா? வலிக்கும் பக்கம் கழுத்தைத் திருப்பினால் 60 டிகிரிக்கு முன்பே நின்றுவிடுகிறதா? கையை விரித்து மணிக்கட்டையும் முழங்கையையும் நீட்டி நரம்பை இழுக்கும்போது அதே வலி வருகிறதா? நான்கும் ஆம் என்றால் வேர் அழுத்தம் கிட்டத்தட்ட உறுதி. நான்காவது சோதனையில் வலியே இல்லையென்றால் வேர் அழுத்தமாக இருக்க வாய்ப்பு குறைவு.

இதோடு தசை பலம், தொடு உணர்வு, சுத்தியலால் தட்டிப் பார்க்கும் அனிச்சைச் செயல் மூன்றையும் இரு கைகளிலும் ஒப்பிட்டு எழுதி வைக்க வேண்டும். கையைத் தொட்டே பார்க்காமல், எழுதிக் கொடுத்த சீட்டைப் பார்த்து நேராக மெஷினில் படுக்கவைக்கும் இடத்தில் சிகிச்சை எடுக்காதீர்கள். முதல் நாள் பலம் எவ்வளவு என்ற குறிப்பு இல்லாவிட்டால், மூன்றாம் வாரம் தேறியிருக்கிறதா மோசமாகியிருக்கிறதா என்று யாராலும் சொல்ல முடியாது.

எம்.ஆர்.ஐ. எடுத்துவிட்டுத்தான் பிசியோதெரபி தொடங்க வேண்டுமா?

பெரும்பாலானவர்களுக்குத் தேவையில்லை. ஜப்பானில் கழுத்தில் எந்தத் தொந்தரவும் இல்லாத 1211 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்து 2015-இல் வெளியிட்ட ஆய்வில், 87.6 விழுக்காட்டினருக்கு டிஸ்க் பிதுக்கம் தெரிந்தது. அவர்களில் இருபது வயதுக்காரர்களும் இருந்தார்கள். ஸ்கேனில் 'பல்ஜ்' என்ற சொல்லைப் பார்த்து அஞ்ச வேண்டாம். அந்தப் பிதுக்கம் உங்கள் விரல் மரத்துப்போவதோடு பொருந்துகிறதா என்பதுதான் கேள்வி. பலம் குறைந்துகொண்டே போனாலோ, ஆறு வாரமாகியும் தேறாவிட்டாலோ, அடுத்த கேள்வியில் வரும் அறிகுறிகள் இருந்தாலோ ஸ்கேன் கட்டாயம் எடுக்க வேண்டும்.

எப்போது பிசியோதெரபிக்கு வராமல் நேராக மருத்துவரிடம் போக வேண்டும்?

நடை தள்ளாடுகிறது, கால் இறுகிப்போகிறது, சட்டைப் பொத்தான் போட விரல் ஒத்துழைக்கவில்லை, சிறுநீரை அடக்கவோ கழிக்கவோ முடியவில்லை, தலை குனிந்தால் முதுகுத்தண்டு நெடுக ஷாக் அடிக்கிறது. இவை வேரில் வரும் சிக்கல் இல்லை, தண்டுவடமே அழுந்துவதன் அடையாளங்கள். வீட்டில் ஒரு சோதனை செய்து பார்க்கலாம்: கையை முழுதாக மூடித் திறப்பதை 10 வினாடியில் 20 முறையாவது செய்ய வேண்டும். அதற்குக் குறைந்தால் தாமதிக்காமல் காட்டுங்கள். இப்படிப்பட்டவர்களுக்குக் கழுத்தை இழுத்துக் கொடுக்கும் டிராக்‌ஷனும் கழுத்து மூட்டுகளை அசைக்கும் கைச் சிகிச்சையும் தீங்கு செய்யக்கூடும்.

விழுந்து அடிபட்ட பிறகு தொடங்கிய வலி, காய்ச்சலோடு வரும் கழுத்து வலி, காரணமில்லாமல் எடை குறைதல், முன்பு புற்றுநோய் இருந்தவருக்குப் புதிதாக வந்த வலி, சில நாட்களிலேயே மணிக்கட்டோ தோளோ தொங்கிப்போவது ஆகியவையும் இதே வரிசையில் சேரும்.

முதல் இரண்டு வாரம் வீட்டில் என்ன செய்யலாம்?

நரம்பு வெளிவரும் துவாரம், அண்ணாந்து பார்க்கும்போது குறுகுகிறது. வலிக்கும் பக்கம் சாய்த்தாலும் திருப்பினாலும் குறுகுகிறது. லேசாகக் குனிந்தால் விரிகிறது. பரணில் பாத்திரம் எடுப்பது, ஒட்டடை அடிப்பது, சலூனில் தலையைப் பின்னால் சாய்த்து ஷேவிங் செய்துகொள்வது, குப்புறப் படுப்பது எல்லாவற்றையும் சில வாரங்கள் தள்ளிப்போடச் சொல்வது இதனால்தான்.

வலி தாங்க முடியாதபோது உள்ளங்கையை உச்சந்தலையில் வைத்துக்கொண்டு சில நிமிடம் உட்காருங்கள். கை உயர்வதால் நரம்பின் இழுவிசை தளர்கிறது. பலருக்கு உடனே ஆறுதல் கிடைக்கும். கை தொங்கினால் வலி கூடும். எனவே உட்காரும்போது மடியில் ஒரு தலையணை வைத்து முழங்கையை அதன்மேல் வையுங்கள். பேருந்தில் போனால் பையை மடியில் வைத்துக் கையை அதன்மேல் ஊன்றலாம்.

படுக்கும்போது மல்லாந்து, அல்லது நல்ல பக்கம் ஒருக்களித்து, வலிக்கும் கைக்குக் கீழே தனியாக ஒரு தலையணை. மல்லாந்து படுப்பவருக்குத் தலையணை தாழ்வாக இருந்தால் போதும். ஒருக்களிப்பவருக்குத் தலையணையின் உயரம், காதுக்கும் தோள் முனைக்கும் உள்ள இடைவெளியை நிரப்ப வேண்டும். இலவம் பஞ்சுத் தலையணை அமுங்கிப்போயிருந்தால் ஒரு துண்டை மடித்து உள்ளே வைத்து உயரத்தைச் சரிசெய்யுங்கள். தலையணையே வேண்டாம் என்று வெறுந்தரையில் படுப்பதைச் சிலர் வைத்தியமாகச் சொல்கிறார்கள். அப்படி மல்லாந்தால் தலை பின்னால் சாய்ந்து துவாரம் குறுகும். நரம்பு அழுத்தம் உள்ளவருக்கு அது பொருந்தாது.

வெந்நீர்ப் பையோ ஒத்தடமோ பிடரியிலும் தோள்பட்டையிலும் 15 நிமிடம் வைக்கலாம். மரத்துப்போன விரல்களிலும் முன்கையிலும் வைக்காதீர்கள். சூடு தெரியாமல் தோல் வெந்துவிடும்.

காலர் போட்டுக்கொள்ளலாமா?

வலி தொடங்கி ஒரு மாதத்துக்குள் இருப்பவர்களுக்குக் குறுகிய காலம் உதவும். நெதர்லாந்தில் இப்படிப்பட்ட 205 பேரிடம் நடத்தி 2009-இல் வெளியிட்ட ஆய்வில், காலர் போட்டவர்களுக்கும் பிசியோதெரபி எடுத்தவர்களுக்கும் முதல் ஆறு வாரங்களில், சும்மா பொறுத்திருந்தவர்களைவிட வலி விரைவாகக் குறைந்தது. ஆறு மாத முடிவில் மூன்று தரப்பினரும் ஏறத்தாழ ஒரே நிலையில் இருந்தார்கள். ஆனால் அங்கே மூன்று வாரம் முடிந்ததுமே காலரைப் படிப்படியாகக் குறைத்து, ஆறு வாரத்தில் முழுதாகக் கழற்றிவிட்டார்கள். மாதக்கணக்கில் போட்டுக்கொண்டு திரிந்தால் கழுத்துத் தசை மெலிந்து, பிறகு காலர் இல்லாமல் தலையைத் தாங்க முடியாது.

மோவாயை மேலே தூக்கும் அளவுக்கு உயரமான காலர் வாங்கக் கூடாது. அது கழுத்தைப் பின்னால் வளைத்துத் துவாரத்தை மூடும். போட்டபின் பார்வை நேராகவோ சற்றே கீழாகவோ இருக்க வேண்டும். காலர் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டாதீர்கள்.

டிராக்‌ஷன் உண்மையில் பலன் தருமா? எவ்வளவு எடை வைக்க வேண்டும்?

சரியான ஆளுக்கு, சரியான கோணத்தில், பயிற்சியோடு சேர்த்துக் கொடுத்தால் பலன் தரும். முதல் நாள் கையால் இழுத்துப் பார்த்தபோது வலி குறைந்தவர்களுக்கே அதிகம் பலிக்கிறது. 2014-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு, பயிற்சி மட்டும் செய்தவர்களையும், பயிற்சியோடு கதவில் மாட்டி வீட்டில் இழுக்கும் கருவியைப் பயன்படுத்தியவர்களையும், பயிற்சியோடு மெஷின் டிராக்‌ஷன் எடுத்தவர்களையும் ஒப்பிட்டது. மெஷின் பிரிவினரே ஆறு மாதத்திலும் ஓராண்டிலும் முன்னிலையில் இருந்தார்கள்.

மல்லாந்து படுத்து, கழுத்து 15 முதல் 25 டிகிரி வரை முன்னால் வளைந்திருக்க, இழுவிசை பிடரி எலும்பில் விழ வேண்டும். தொடக்கம் 5 கிலோ அளவில். கை வலி குறைகிறதா என்று பார்த்துக்கொண்டே அடுத்தடுத்த நாட்களில் கூட்டலாம். 60 வினாடி இழுத்து 20 வினாடி தளர்த்துவது ஒரு முறை. மொத்தம் 15 நிமிடம். முடிந்ததும் சட்டென எழாமல் சில நிமிடம் படுத்திருந்து, ஒருக்களித்துக் கையூன்றி எழ வேண்டும்.

தவறுவது மூன்று இடங்களில். பட்டை மோவாயை இழுத்தால் தாடை மூட்டு வலிக்கும், கழுத்தும் பின்னால் வளையும். முதல் நாளே எடையைக் கூட்டினால் தசைகள் எதிர்த்து இறுகிக்கொள்ளும். உட்கார்ந்தபடி கதவில் மாட்டி இழுப்பதில், வைக்கும் எடையில் 4 முதல் 5 கிலோ தலையின் பாரத்தைத் தூக்குவதற்கே போய்விடுகிறது. கழுத்துக்கு மிஞ்சுவது சொற்பம்.

முடக்குவாதம் (ருமட்டாய்டு மூட்டழற்சி) உள்ளவர்கள், எலும்பு மிக மெலிந்தவர்கள், தண்டுவட அழுத்தம் உள்ளவர்கள், கழுத்தில் கட்டியோ தொற்றோ இருப்பவர்கள் டிராக்‌ஷன் எடுக்கவே கூடாது. முடக்குவாதத்தில் மேல் கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளைக் கட்டிப்பிடிக்கும் நார் தளர்ந்திருக்கலாம். வெளியே தெரியாது.

கரண்ட் வைத்தால் போதாதா?

ஐ.எஃப்.டி., டென்ஸ் என்னும் மின்சாரச் சிகிச்சைகள் இரண்டும் சில மணி நேரத்துக்கு வலியை மட்டுப்படுத்தும். அதனால் பயிற்சி செய்ய முடிகிறது, தூங்க முடிகிறது. அந்த அளவுக்கு நல்லதே. நரம்பை நசுக்கும் பொருளை எந்தக் கரண்டும் நகர்த்தாது. பத்து நாள் கரண்ட் மட்டும் வைத்து அனுப்பினால் அது முழுச் சிகிச்சை ஆகாது. பேஸ்மேக்கர் வைத்தவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

என்னென்ன பயிற்சிகள்? எத்தனை முறை?

முதலில் ஓர் அளவுகோல். எந்தப் பயிற்சியானாலும் கையைக் கவனியுங்கள். விரலில் இருந்த வலி முழங்கைக்கு ஏறி, முழங்கையில் இருந்தது தோளுக்கு ஏறி, கடைசியில் கழுத்தில் மட்டும் நின்றால் நல்ல போக்கு. கழுத்து வலி கொஞ்சம் கூடியிருந்தாலும் பரவாயில்லை. கழுத்து லேசாகி, வலி கீழே விரல் நுனிக்கு இறங்கினால் அந்தப் பயிற்சி இப்போதைக்கு உங்களுக்கு வேண்டாம். கழுத்து வலி குறைந்ததே என்று மகிழ்ந்து தொடர்ந்து செய்து, கையைக் கெடுத்துக்கொள்பவர்கள் நிறைய.

முதல் பயிற்சி ஆழ்தசைக்கு. மல்லாந்து படுத்துத் தலைக்குக் கீழே மெல்லிய துண்டை வைத்துக்கொள்ளுங்கள். தலையைத் தூக்காமல், "ஆமாம்" என்று மிகச் சிறிதாகத் தலையசைப்பதுபோல மோவாயைத் தொண்டைப் பக்கம் கொண்டுவாருங்கள். 10 வினாடி நிறுத்தித் தளர்த்துங்கள். 10 முறை, நாளுக்கு இரண்டு வேளை. கழுத்தின் முன்புறம் விரல் வைத்துப் பாருங்கள்: இருபுறமும் கயிறுபோல ஓடும் பெரிய தசை புடைத்தால் அளவுக்கு மீறிச் செய்கிறீர்கள் என்று பொருள். பல்லைக் கடிப்பதும் மூச்சைப் பிடிப்பதும் அதே தவறின் வேறு வடிவங்கள். சிகிச்சை நிலையத்தில் பிடரிக்குக் கீழே காற்றுப்பை வைத்து, 20 மி.மீ. பாதரச அழுத்தத்தில் தொடங்கி இரண்டிரண்டாக 30 வரை ஏற்றுவார்கள். அந்த அளவில் 10 வினாடி நடுங்காமல் நிறுத்த சில வாரங்கள் பிடிக்கும்.

இரண்டாவது தோள்பட்டைக்கு. உட்கார்ந்து, இரு பட்டைகளையும் முதுகெலும்பை நோக்கி மெல்லப் பின்னால் சேர்த்து 5 வினாடி, 10 முறை. "தோளைக் கீழே இழு" என்று சொல்லிக்கொடுப்பது வழக்கம். நரம்பு எரிச்சலில் இருக்கும் முதல் வாரங்களில் அது வேண்டாம். தோள் கீழே இறங்கும்போது நரம்பும் இழுபடுகிறது. மூன்றாம் வாரத்துக்கு மேல், வலி தணிந்திருந்தால், ரப்பர் பட்டையைக் கதவுக் கைப்பிடியில் மாட்டி முழங்கையைப் பின்னுக்கு இழுக்கும் பயிற்சி 10 முறை, இரண்டு சுற்று.

மூன்றாவது, நரம்பை வழுக்கவிடுவது. நின்றுகொண்டு கையைப் பக்கவாட்டில் தோளுக்குச் சற்றுக் கீழே வரை தூக்கி, முழங்கையை மடக்கி வையுங்கள். மணிக்கட்டை மடக்கியபடி முழங்கையை மெல்ல நீட்டுங்கள். முழங்கையை மடக்கும்போது மணிக்கட்டைப் பின்னால் விரியுங்கள். ஒரு முனை இழுபடும்போது மறுமுனை தளர்வதால் நரம்பு நீளாமல் தன் உறைக்குள் முன்னும் பின்னும் நகரும். தலை அசையாமல் நடுவில் இருக்கட்டும். 8 முதல் 10 முறை, இரண்டு வேளை. எங்கும் நிறுத்திப் பிடிக்காதீர்கள். தசையை நீட்டுவதுபோல இழுத்துப் பிடிப்பது இதில் நடக்கும் பெரிய தவறு. தசை நீட்டினால் தளரும், எரிச்சலில் இருக்கும் நரம்பை நீட்டினால் இன்னும் கோபித்துக்கொள்ளும். லேசான 'விறுவிறு' வந்து உடனே மறைந்தால் சரி. அரை மணி நேரம் நீடித்தால் அசைவைப் பாதியாகக் குறையுங்கள்.

பிசியோதெரபிஸ்ட் தம் கையால் கழுத்து எலும்புகளை வலியற்ற பக்கம் நோக்கி மெல்ல நகர்த்தும் சிகிச்சையும் உண்டு. நோயாளி மல்லாந்து, வலிக்கும் கையை வயிற்றின்மேல் வைத்திருப்பார். சொடக்குச் சத்தம் எதுவும் வராது, வரவும் கூடாது.

இவற்றோடு நாள்தோறும் 20, 30 நிமிட நடை. கை தொங்கி வலித்தால் கட்டைவிரலை இடுப்புப் பட்டையில் செருகிக்கொண்டு நடங்கள்.

சலூனில் நெட்டி எடுத்தால் லேசாகிறதே?

தலையைத் திடீரென முறுக்குவதால் எழும் சத்தம், மூட்டுக்குள் இருக்கும் வாயு சம்பந்தப்பட்டது. நரம்பு விடுபட்ட சத்தம் இல்லை. சில நிமிடம் லேசாக இருக்கும். ஆனால் அந்த முறுக்கில் பிதுங்கிய டிஸ்க் இன்னும் நகரலாம். கழுத்து வழியே மூளைக்குப் போகும் இரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்த சம்பவங்களும் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. அரிது, ஆனால் வந்தால் மீட்பது கடினம். கைக்கு வலி இறங்கும் எவரும் கழுத்தை முறிக்கக் கொடுக்கக் கூடாது. எண்ணெய் தேய்த்து மெல்ல நீவிக்கொள்வதில் குற்றமில்லை. சுளுக்கு எடுப்பதாகச் சொல்லிக் கழுத்தின் பக்கவாட்டில் கட்டைவிரலால் ஆழமாகக் குத்தி வழிப்பது வேறு. அது வேண்டாம்.

வேலைக்கும் வண்டிக்கும் என்ன மாற்றம்?

கணினித் திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்தில் இருக்கட்டும். மடிக்கணினியை நாலு தடித்த புத்தகத்தின்மேல் வைத்து, தனி விசைப்பலகை வாங்கிக்கொள்ளுங்கள். இருபார்வைக் கண்ணாடி போடுபவர்கள் திரையை இன்னும் தாழ்த்த வேண்டும். இல்லாவிட்டால் கீழ்க்கண்ணாடி வழியாகப் பார்க்க நாள் முழுதும் அண்ணாந்துகொண்டே இருப்பார்கள். தையல் வேலையில் 30 நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நில்லுங்கள். தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிப் பேசுவதை அறவே விடுங்கள்.

முதல் சில வாரங்கள் இருசக்கர வண்டியைத் தவிர்ப்பது நல்லது. வேகத்தடையில் விழும் குலுக்கல் ஒரு காரணம். தலை திரும்பாததால் பின்னால் வரும் வண்டியைப் பார்க்க முடியாது என்பது பெரிய காரணம். தலைச்சுமையும் தண்ணீர்க்குடமும் கை பலம் திரும்பும்வரை கூடாது. வலிக்கும் பக்கத் தோளில் பை மாட்டாதீர்கள்.

எத்தனை நாளில் சரியாகும்? எப்போது ஆபரேஷன்?

வாரம் இரண்டு முறை வீதம் ஆறு வாரம் நிலையத்துக்குப் போய், மற்ற நாட்களில் வீட்டில் பயிற்சி செய்வது நியாயமான திட்டம். வலி முதலில் குறையும், பலம் அடுத்து வரும், மரத்துப்போன உணர்வு கடைசியில் திரும்பும். விரல் நுனியில் கொஞ்சம் மதமதப்பு பல மாதங்கள் நிற்கலாம். அதை வைத்துச் சிகிச்சை தோற்றுவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். அமெரிக்காவின் ரோசெஸ்டர் நகரில் 1976 முதல் 1990 வரை இந்த நோய் கண்ட 561 பேரைத் தொடர்ந்து பார்த்தபோது, கடைசிப் பரிசோதனையில் 90 விழுக்காட்டினர் அறிகுறி இல்லாமலோ சிறு தொந்தரவோடோ இருந்தார்கள். அவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு அறுவை சிகிச்சை நடந்திருந்தது.

வாரம் ஒருமுறை, அதே கிழமையில், பலத்தைப் பாருங்கள். சுவரில் இரு உள்ளங்கையையும் ஊன்றி முழங்கையை மடக்கி நீட்டுங்கள்: எந்தக் கை முதலில் தளர்கிறது, எத்தனையாவது முறையில்? இரு கைகளையும் பக்கவாட்டில் தூக்கி வீட்டில் ஒருவரை மெல்ல அழுத்தச் சொல்லுங்கள். ஆள்காட்டி விரலுக்கும் கட்டைவிரலுக்கும் நடுவே ஒரு காகிதத்தைப் பிடித்து இழுக்கச் சொல்லுங்கள். காலண்டரில் குறித்து வையுங்கள். வலி குறைந்துகொண்டே வர, பலமும் குறைந்துகொண்டே வந்தால் அது குணமடைவது ஆகாது. நரம்பு ஓய்ந்துபோவதாலும் வலி அடங்கலாம். அந்த வாரமே நரம்பியல் அல்லது முதுகுத்தண்டு அறுவை மருத்துவரிடம் குறிப்பைக் காட்டுங்கள். பலம் குறையாமல், வலி மட்டும் ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களுக்குப் பிறகும் வேலை செய்யவிடாமல் தொடர்ந்தால், ஊசியா அறுவையா என்று அவரோடு நிதானமாகப் பேசி முடிவெடுக்க நேரம் இருக்கிறது.